சூடு தெரியாத கால்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன். இந்த ஒற்றை அறை வீட்டில் உன் அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்கு மட்டும்தான் கேட்கும்.

அவருக்கு வலது காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு புண். எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. போன வாரம் அவர் நடந்த இடமெல்லாம் தரையில் ஈரத் தடம் விழுந்துகொண்டே இருந்தது. கால் கழுவிவிட்டுத் துடைக்காமல் வந்திருக்கிறார் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே துடைத்தேன். துணியில் வாடை அடித்தது. பிறகுதான் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். நடுவிரல் நுழைகிற அளவு குழி, தம்பி. அவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். "செங்கச் சூளை மேல எல்லாரும் கட்டைச் செருப்பு போட்டுக்கிட்டே குதிக்கிறானுங்க. நான் ரப்பர் செருப்போட நிப்பேன். எனக்குச் சூடே ஏறாது, தெரியுமா?" என்கிறார். செருப்பை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் உருகி ஓட்டை விழுந்திருந்தது.

தோளில் மருந்துப் பையோடு ஊர் ஊராக வருவாரே, அந்தப் பை டாக்டர்தான் பார்க்கிறார். நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் வந்து ஊசி போட்டு, பொடி தூவி, துணி கட்டிவிட்டுப் போகிறார். மேலே காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. சர்க்கரையாலா என்று கேட்பாய். இல்லை. போன மாதம் சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று அந்த டாக்டரே வாய்விட்டுப் பாராட்டி, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். இவர் அன்று முழுவதும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

நீ அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலைதானே பார்க்கிறாய். என்ன களிம்பு போட்டால் சீக்கிரம் ஆறும் என்று மட்டும் எழுது. மற்றதெல்லாம் வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

களிம்பா? குழிக்குள் விரல் நுழைகிறது என்று நீயே எழுதுகிறாய், அடுத்த வரியில் களிம்பு கேட்கிறாய். உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை.

அத்தானுக்குச் சூடு ஏறவில்லை என்றால் அது பெருமை இல்லை. காலில் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. நெருப்புக்கு மேலே நிற்கிற வேலை பார்க்கிறவருக்குச் சுடுவது தெரியவில்லை, அதை அவர் நாலு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொள்கிறார், நீயும் கேட்டுக்கொண்டு நிற்கிறாய். நான் வேலை பார்க்கும் வார்டுக்கு ஒரு தடவை வந்து பார். வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒருவர், போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அவர்கள் எல்லோரும் "மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது" என்றுதான் சொல்கிறார்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பைக்காரன்தான் புண்ணைக் கெடுத்திருக்கிறான். மருந்துக்கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவன்தானே அவன்? ஒரே ஊசியை எத்தனை பேருக்குக் குத்துகிறானோ. என்ன பொடி அது? கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். கறி வாங்கும்போது எலும்பு அதிகமாக இருக்கிறது என்று கடைக்காரனிடம் அரை மணி நேரம் சண்டை போடுகிறவள் நீ. புருஷன் உடம்புக்குள் போகிற மருந்துக்கு மட்டும் வாயை மூடிக்கொள்கிறாய்.

இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு வா. காரணம் எதுவும் எழுதாதே.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

காரணம் எழுதாதே என்றாய். எழுதுவேன். உட்கார்ந்து படி.

சூளை இப்போது எரிகிறது. பற்ற வைத்தால் மழைக்காலம் வரும்வரை அணைக்க மாட்டார்கள். மேலே நின்று குழி குழியாகக் கரி போடுகிற ஆள் ஒரு நாள் வரவில்லை என்றால் மேஸ்திரி மறுநாளே வேறு ஆளை ஏற்றிவிடுவார். சுகாதார நிலையம் காலையில் திறந்து மத்தியானம் சாத்துகிறது. டாக்டர் எந்த நாளில் வருவார் என்பது அங்கே கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியாது. காத்திருந்து உள்ளே போனால் உட்காரச் சொல்ல மாட்டார்கள். என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன்னாலேயே "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பதில் சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பை டாக்டர் சூளைக்கே வருகிறார். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, "என்னண்ணே, இன்னிக்கி எப்படி இருக்கு? ராத்திரி தூங்குனீங்களா? சோறு செல்லுதா?" என்று கேட்கிறார். பதில் வரும்வரை பொறுத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது எவ்வளவு என்று எனக்கும் தெரியும். நான் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனால் அவர் உன் அத்தானின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்க்கிறார், தம்பி. வேறு யாரும் அந்தக் காலைத் தொட்டதில்லை.

போன வருஷம் நீ கூப்பிட்டாய் என்றுதானே உன் ஆஸ்பத்திரிக்கு வந்தோம்? இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மச்சான் வேலை பார்க்கிற இடம் என்று வழியெல்லாம் பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டு வந்தார். சர்க்கரை ஏறியிருக்கிறது என்றதும் அந்த நடைபாதையில், நோயாளிகள், கூட வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் நீ என்ன சொன்னாய்? "சாவுறதுன்னா சொல்லிட்டுச் சாவுங்க, ஏன் எல்லார் உயிரையும் வாங்குறீங்க?" என்றாய். பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "இந்த மாதிரி ஆளுங்கள ஒண்ணும் பண்ண முடியாது" என்றாய். மெதுவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். கேட்டது.

திரும்பி வரும்போது அவர் பஸ்ஸில் கடைசி சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தார். இறங்கும்போது, "இனி அந்த வாசப்படி ஏறமாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

நான் என்ன, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டா வருவேன்?

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

அன்றைக்குச் சொன்னது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தின நாள் உன் வயதில் ஒரு பெண், கணவனின் காலை எடுக்கக் கையெழுத்துப் போடும்போது பேனாவைப் பிடிக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தானைப் பார்த்ததும் எனக்கு அவள் முகம்தான் வந்தது. பயத்தில் வந்த வார்த்தை அது. இதை அவரிடம் சொல்வாயோ மாட்டாயோ, உன் இஷ்டம்.

ஆனால் வாளி மேல் உட்கார்ந்து அன்பாகப் பேசினால் புண் ஆறிவிடாது. வலிக்கு ஊசி போடுகிறான், காய்ச்சலுக்கு ஊசி போடுகிறான். போட்டதும் உடம்பு லேசாகிவிடுகிறது. உள்ளே அழுகல் எலும்பு வரை போய்க்கொண்டிருக்கும். உங்களுக்கு லேசாக இருப்பதுதான் வேண்டும், அவனுக்கும் அதுதான் வேண்டும்.

நான் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டேன். என் பெயர், பதவி எல்லாம் போட்டுத்தான். மொட்டைக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. கோபப்படு, பரவாயில்லை. அவன் கை நின்றால்தான் அத்தான் கால் பிழைக்கும். பிறகு நீயே எனக்கு நன்றி சொல்வாய். இங்கே சர்ஜனிடமும் பேசிவிட்டேன், எந்த நாள் வந்தாலும் கட்டில் தருவார். சுகாதார நிலையத்திலும் இன்னொரு தடவை சர்க்கரை பார்த்துக்கொண்டு வா.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

நன்றி. போதுமா?

ஜீப் வந்தது. அதில் வந்த அதிகாரி, தெருவே கூடி நிற்கும்போது உன் புகாரைப் பெயரோடு சத்தமாகப் படித்தார். பை டாக்டரின் பையைத் தரையில் கொட்டினார்கள். மருந்தெல்லாம் மண்ணில் உருண்டது. இனி ஊருக்குள் வரக் கூடாது என்று எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். அவருக்குப் பதிலாக யாரைப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே எதிர் வீட்டுக்காரி வந்து, தைக்கக் கொடுத்திருந்த துணியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். தையல் மெஷின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. மூச்சிரைப்பு வருகிற ஒரு கிழவர் கடைசி வீட்டில் இருக்கிறார், அவருடைய மருமகள் என்னைப் பார்த்து, "உன் தம்பியை வரச் சொல்லேன், வந்து ஊசி போடட்டும்" என்றாள். குடம் நிறைவதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

புண்ணுக்குக் கட்டுப் போட ஆள் இல்லை. நானே வெந்நீரில் கழுவி, பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கட்டுகிறேன்.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். சர்க்கரை பார்க்கச் சொன்னாயே என்று நேற்று சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்றேன். உடனே, "அப்ப ரெண்டு நாளைக்கு எனக்கு உலை வெக்காத" என்றார். வழக்கமாக அப்படித்தான். ஊசியில் குத்திப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு நாள் வெறும் தண்ணீர்தான் குடிப்பார். மாத்திரையை இரண்டு இரண்டாகப் போட்டுக்கொள்வார். பார்த்து முடிந்ததும் கை நடுங்கி வேர்த்துக் கொட்டும், வாசலில் இருக்கிற டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தால்தான் பஸ் ஏறவே முடியும். வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள், இவர் இன்னும் கொஞ்சம் சுத்தமாகச் செய்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எதிர் வீட்டுக்காரியும் அப்படித்தான் போவாள். எங்கள் தெருவில் சர்க்கரை இருக்கிற எல்லோரும் அப்படித்தான்.

நேற்றுத்தான் கேட்டேன், எதற்கு இத்தனை பாடு என்று. "ஏறியிருந்தா திட்டுவாங்கல்ல? பாஸ் பண்ணிட்டு வந்தா மரியாதையா அனுப்பிடுவாங்க" என்றார். பை டாக்டரிடமும் இப்படித்தான் மறைக்கிறீர்களா என்றேன். "அவரு எதுக்குத் திட்டப்போறாரு? அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்" என்றார்.

எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல். அந்த டாக்டர் பாராட்டி மாத்திரையைக் குறைத்தாரே, அது எதைப் பார்த்துக் குறைத்தது?

அக்கா


மார்ச் 18

அக்கா,

உன் கடிதத்தை வார்டில் நின்றுகொண்டே படித்தேன். நின்றுகொண்டே எழுதுகிறேன்.

அந்த எண் பொய். பட்டினி கிடந்து வாங்கின எண். அதை நம்பி மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். அதை நம்பி நானும் எல்லாப் பழியையும் பைக்காரன் தலையில் போட்டேன். மாதக் கணக்கில் சர்க்கரை தலைக்கு மேலே ஏறி நின்றிருக்கிறது, எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் அவன். தெரிந்தும் வலி ஊசி போட்டுக்கொண்டிருந்தானே, அவனை என்ன செய்யலாம்? எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. படித்தவர்கள் நாங்கள் இத்தனை பேர் இருந்தும் ஒரு மனுஷன் எங்களிடம் உண்மையைச் சொல்லப் பயந்திருக்கிறார்.

உடனே வாருங்கள். மாத்திரையை இரண்டு இரண்டாகப் போட விடாதே, பட்டினி போடாதே, மயங்கி விழுந்துவிடுவார். நான் பஸ் நிலையத்திலேயே வந்து நிற்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன், போதுமா? காலை மட்டும் கொண்டு வரச் சொல்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

வரமாட்டேன் என்கிறார். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், செருப்பை ஒளித்து வைத்துப் பார்த்தேன். வேறு யாருடைய கட்டைச் செருப்பையோ மாட்டிக்கொண்டு சூளைக்குப் போய்விட்டார். நேற்றுக் காய்ச்சல். சுண்டுவிரல் கறுத்திருக்கிறது.

பை டாக்டர் குளத்துப் பக்கமாக, யாரும் பார்க்காத வழியில் வந்தார். ஊசி போட்டார், காய்ச்சல் இறங்கியது. "பார்த்தியா?" என்று என்னைப் பார்த்து இவர் சிரிக்கிறார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் கிளம்பும்போது பின்னாலேயே போய் மடக்கினேன். "விரல் கறுத்துப் போச்சே, உங்களுக்குத் தெரியலையா?" என்றேன். "தெரியுதுக்கா" என்றார். "அப்புறம் ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லல?" என்றேன். "சொன்னா போவாங்கன்னு நினைக்கிறீங்களா? என்னை நிறுத்திட்டு வேற ஒருத்தரைக் கூப்பிடுவாங்க. எனக்கும் பொழப்பு இருக்குல்ல?" என்றார். வெட்கப்பட்டுச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இருட்டில் தெரியவில்லை.

பை டாக்டர் சொல்வதை மட்டும்தான் உன் அத்தான் கேட்பார். அதனால் காலில் விழாத குறையாகக் கேட்டேன், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போய்விடுவார் என்று. அவர் பையின் வாரைப் பிடித்துத் திருகினார். "ஊருக்கு நடுவுல என் மருந்தையெல்லாம் கொட்டினாங்க. உங்க தம்பி அந்தப் புகாரைத் திரும்ப வாங்கட்டும். வாங்கினதுக்கு எழுத்து என் கைக்கு வரட்டும். அன்னிக்கே அண்ணனை நானே பஸ் ஏத்தி விடுறேன்" என்றார்.

அந்த ஆளைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

உனக்கு இது எவ்வளவு அசிங்கம் என்று தெரியும். நான் உன்னை வளர்த்தவள் என்றோ, அது இது என்றோ சொல்லி உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் விரல் கறுத்திருக்கிறது. கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

இதனுடன் இருக்கிறது, பார். அலுவலக முத்திரை போட்ட நகல்.

புகார் கொடுக்கப் போனபோது என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்தவர்கள், திரும்ப வாங்க வந்திருக்கிறேன் என்றதும் நாற்காலி போட்டார்கள். டீ வரவழைத்தார்கள். ஒரு வேலை குறைந்தது என்று அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். "தவறான தகவலின் பேரில் புகார் கொடுத்துவிட்டேன்" என்று மட்டும் எழுதினேன். அந்த அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "இது பத்தாது சார். அவரோட சிகிச்சையில எனக்கு எந்தக் குறையும் இல்லைன்னு ஒரு வரி சேர்த்துடுங்க, அப்பத்தான் ஃபைலை மூட முடியும்" என்றார். பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடலாம் என்று இருந்தது. அத்தானின் சுண்டுவிரலை நினைத்துக்கொண்டு எழுதினேன். பெயருக்குக் கீழே பதவியையும் போடச் சொன்னார்கள். போட்டேன்.

இதுவரை எந்த நோயாளிக்கும் நான் பொய் எழுதிக் கொடுத்ததில்லை, அக்கா.

அவனிடம் கொடு. அவன் சொன்னபடி செய்கிறானா பார்க்கலாம்.

தம்பி


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

நீங்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததாக ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார். இத்தனை நாள் இங்கே நேருக்கு நேராக இருந்தும் நம்மால் ஒழுங்காகப் பேச முடியவில்லை. கட்டில் பக்கத்தில் நீ, கட்டில் கால்மாட்டில் நான், நடுவில் அவர். அதனால் மறுபடியும் எழுத்து.

பைக்காரன் சொன்னபடி அத்தானை பஸ் ஏற்றிவிட்டான், ஆனால் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலை எடுக்க சர்ஜன் முழங்காலுக்குக் கீழே கோடு போட்டபோது நான்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேருக்கு நின்றிருக்கிறேன், அன்றைக்குத்தான் தட்டு சத்தம் போட்டது.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அவரிடம் கேட்டது உனக்கு நினைவிருக்கிறதா? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்றார். "வேளாவேளைக்குச் சாப்பிட்டேன் சார்" என்றார் அத்தான், என்னைப் பார்த்துக்கொண்டே. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிற சோதனைத் தாள் டாக்டரின் கையில் இருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் கத்தினார். படிக்காத ஜனங்கள், பொய் சொல்லியே சாவார்கள் என்றார். எனக்குக் காது கூசியது. போன வருஷம் நான் கத்தின அதே நடைபாதை, அந்த அறைக்கு வெளியேதான் இருக்கிறது. டாக்டரிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் போன பிறகு அத்தானின் போர்வையைச் சரிசெய்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

அவரை வாரா வாரம் புண்ணுக்குக் கட்டு மாற்ற அழைத்துப் போ. சுகாதார நிலையத்துக்கு என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பைக்காரனை மட்டும் இனி கிட்டே சேர்க்காதே. அவன் மேல் மறுபடியும் புகார் கொடுக்கலாமா என்று அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். என் கையெழுத்தை எடுத்து என் முன்னாலேயே வைத்தார்கள். "குறையில்லைன்னு நீங்கதானே சார் எழுதினீங்க?" என்றார்கள்.

மேஸ்திரி என்ன சொன்னார்? உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது தருவாரா?

தம்பி


மே 12

தம்பிக்கு,

மேஸ்திரி பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். வேலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. தையல் மெஷின் மறுபடி ஓடுகிறது, துணி வருகிறது. எப்படி வருகிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

சுகாதார நிலையத்துக்குப் போனோம். உன் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டு மாற்றுகிறவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வா என்றார்கள். ஒற்றைக் காலோடு அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கிக் கூட்டிப் போனேன் என்பதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் நானே மாற்றினேன், நீ சொல்லிக்கொடுத்தபடி. பை டாக்டரைக் கூப்பிடவில்லை. அந்த மட்டும் உன் பேச்சைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அவர் இப்போது குளத்துப் பக்கமாக வருவதில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வாடகைக்கு ஓர் அறை பிடித்து, பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து வரிசை நிற்கிறது. உன் அத்தானைச் சரியான நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உயிரைக் காப்பாற்றியதே அவர்தான் என்று ஊர் சொல்கிறது. அவரும் இல்லை என்று சொல்வதில்லை. இவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார், தம்பி. "அவரு போகச் சொல்லலேன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்கிறார். அதில் பொய்யும் இல்லையே, நான் எங்கே போய்ச் சண்டை போடுவது?

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு தடவை பேனாவை மூடினேன். அந்த அறையில், அவர் நாற்காலிக்கு மேலே, நீ எழுதிக் கொடுத்த தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். முத்திரை பளிச்சென்று தெரிகிறது. எந்தக் குறையும் இல்லை என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்துக் காட்டுகிறாராம். பெரிய ஆஸ்பத்திரிக்காரரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று ஊரில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. துணி அதனால்தான் வருகிறது.

நேற்று எதிர் வீட்டுக்காரி வந்தாள். முகத்தில் அறைந்த மாதிரி துணியைத் திரும்ப வாங்கிப் போனாளே, அவளேதான். பழசையெல்லாம் மறந்துவிடு என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிக் குதிகாலைக் காட்டினாள். வெடிப்பு என்றாள். அது வெடிப்பு இல்லை. எனக்கு இப்போது தெரிகிறது. வலிக்கிறதா என்றேன். "வலியே இல்ல, அதான் ஆச்சரியம்" என்று சிரித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, நான் கூட வருகிறேன், என் தம்பி பார்த்துக்கொள்வான், திட்ட மாட்டான் என்று படபடவென்று சொன்னேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உன் தம்பிதானே அவருக்கு எழுதிக் குடுத்திருக்காரு? அவ்வளவு தூரம் எதுக்கு?" என்றாள்.

என் தம்பி எழுதியது பொய் என்று சொல்லியிருக்கலாம். ஏன் பொய் எழுதினான் என்று கேட்டிருப்பாள். உள்ளே கட்டிலில் இவர் படுத்திருந்தார், விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தேன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கொஞ்சமும் நொண்டாமல், பஸ் நிறுத்தத்துப் பக்கம் நடந்து போனாள். அவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுது. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்வதற்குள் அவள் இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டிருப்பாள், இருந்தாலும் எழுது.

அக்கா